ஒற்றைச் செருப்பு

1992 ஒக்ரோபர் 5, திங்கள்

கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது, வாடை இன்னும் தொடங்கவில்லை. புழுக்கம். விளக்குக்கு எண்ணெய் இல்லை, வெளிச்சம் இருக்கும்போதே எழுதுகிறேன்.

கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞர் வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். தபாலதிபராக இருந்த அப்பா கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். முத்திரையைக்கூட விடவில்லை.

"படிச்ச பிள்ளை ஆரின்ரையோ காலைப் பிடிச்சு அளந்துகொண்டு இருக்கிறதே? ஒரு முடிவுக்கு வா."

செயற்கைக்கால் பட்டறைக்கு மாசியிலிருந்து போகிறேன். தலைமயிரில் பிளாஸ்ரர் தூள், உள்ளங்கையில் சுத்தியல் காய்ப்பு. வாசித்த புத்தகங்கள் எல்லாம் எப்படி வாழ வேண்டும் என்று சொல்லின. காலை விடிந்தால் எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு எப்படி விளங்கவைப்பது?

சொல்ல ஒன்று இருக்கிறது. போன கிழமை பிலோமினா அக்காவுக்குக் கொடுத்த கால். குருநகர், மீன் விற்கிறவர். செல் குண்டு விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே இல்லை. அளவு எடுத்ததிலிருந்து பூட்டியது வரை முழுக்க நான் செய்த முதல் கால். பட்டறையில் நேராக நடந்து காட்டினார். பொறுப்பாளர் மாஸ்ரர் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது அபூர்வம்.

6, செவ்வாய்

தூறல். சோப் கிடைக்கவில்லை. அம்மாவுக்குப் பல்லுக்கொதி.

பி. அக்கா பட்டறைக்கு வந்தார், தம்பியின் சைக்கிளில், ஊன்றுகோலோடு. கால் மீன் கூடைக்குள். மேலே துணி போட்டு மூடி.

"இந்தா பிள்ளை, உன்ரை கால். வீட்டிலை நொண்டுது. உங்கடை இடத்திலை மட்டும் நேரா நடக்குது. கந்தோர்க் கால், ஒபிசிலை மட்டும்தான் ஒழுங்கு."

பூட்டினேன். நடந்தார். நேராக.

"பாத்தியே? உனக்கு முன்னாலை நடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முடியவில்லை. மறுபடி அளந்தேன், பிழை இல்லை. மாஸ்ரர் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு வீட்டை போய்ப் பார்."

அப்பாவுக்குக் காட்ட என்னிடம் இருந்தது அந்த ஒரு கால். அது நொண்டினால் கச்சேரிதான்.

7, புதன்

குருநகர். வலை காய்கிற மணம். பி. அக்கா குசினியிலிருந்து வெளியே வந்தார், வெறுங்காலோடு. ஒவ்வொரு அடிக்கும் இடப்பக்க இடுப்பு மேலே எழும்பியது. பட்டறையில் காணாத ஒன்று. என்ன வித்தியாசம் என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன்.

"பட்டறைக்குப் போட்டுக்கொண்டு வந்த செருப்பு எங்கை அக்கா?"

"அது என்ரை இல்லை, மச்சாளின்ரை. ஒரு இடத்துக்கு வெறுங்காலோடை வாறது மரியாதையே? ஒண்டைத்தான் இரவல் வாங்கினனான். மற்றக் காலுக்கு என்னத்துக்கு?"

உள்ளேயிருந்து மச்சாள்: "ஓம், மிச்ச ஒண்டைப் போட்டுக்கொண்டு நான் எங்கை போறது? உவ திரும்பி வருமட்டும் வீட்டிலை குந்திக்கொண்டிருந்தனான்."

அளந்த அன்றும், பூட்டிய அன்றும், நேற்றும், நல்ல காலில் செருப்பு. செய்த காலில் ஒன்றுமில்லை. பட்டறையில் இரண்டும் சமம். ஆனால் கடற்கரையில், கோவிலில், வீட்டில் பி. அக்கா செருப்பே போடுவதில்லை. அங்கே நான் செய்த கால் ஒரு செருப்பின் தடிப்பளவு நீளம்.

வெட்கம். திரும்பி வரும் வழியில் சைக்கிளில் தனியே சிரிப்பு.

8, வியாழன்

பாதத்தைக் கழற்றியது. அலுமினியத் தகட்டின் விளிம்பை வெட்டியது. அரம் போட்டது. பாதத்தைத் திரும்பப் பூட்டியது. பெருவிரலில் வெட்டு, சின்னது.

பி. அக்கா பட்டறைச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடந்தார். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த மீன் வெட்டுகிற பலகையில் குந்தி, கை ஊன்றாமல் எழும்பினார்.

"இப்ப சரி. இனி மச்சாளும் வெளியிலை போகலாம்."

சுவரில் சோக்கால் எழுதினேன்: செருப்பைக் கழற்றியபின் அளக்கவும். மாஸ்ரர் வாசித்தார், சோக்கை வாங்கி அடியில் ஒரு கோடு போட்டார்.

கச்சேரியில் நான் ஒரு பிழை விட்டால் அது கோப்போடு போய் எங்கேயோ கிடக்கும். யாருக்கு நொந்தது என்று தெரியவராது. இங்கே பிழை கூடைக்குள் ஏறி வந்து, உன்ரை கால் என்று என்னைக் கேட்கிறது. திருத்தினால் எழும்பி நடக்கிறது. எனக்கு வேண்டியது இதுதான். பெருமையாக இருக்கிறது. இங்கே எழுதலாம், ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

9, வெள்ளி

அப்பா காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டு, என் சைக்கிளுக்குக் காற்றும் அடித்து வைத்துவிட்டார். கச்சேரிக்குக் கூட வருவாராம். எப்படித் தொடங்குவது என்று நான் முற்றத்தில் நிற்க, வாசல் படலையில் பி. அக்கா. தலையில் கூடை. பாசையூர் ஊடாக நடந்தே வந்திருக்கிறார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மீன் எடுக்கமாட்டம்," அப்பா.

"தெரியும் ஐயா. கூடை வெறுங்கூடை. பிள்ளை செய்த காலைக் காட்டவெண்டு வந்தனான்."

படலையிலிருந்து கிணற்றடிவரை நடந்து திரும்பினார். இரண்டு பாதத்திலும் ஒரே மணல். அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார்.

"செய்த கால் வலதுதானே?"

பி. அக்கா சீலையைக் கொஞ்சம் தூக்கி இடக்காலை விரலால் தட்டினார். தகரச் சத்தம்.

"முழுக்க நீயோ செய்தது?"

"ஓம் அப்பா. கச்சேரிக்கு நான் போகேல்லை."

பென்சன் இல்லாத வேலை என்றார். என்னிடம் அல்ல, கிணற்றைப் பார்த்து. பிறகு உள்ளே போய் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வந்தார்.

பட்டறைக்குப் பிந்திவிட்டது. பின் கரியரில் பி. அக்கா, மடியில் கூடை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒழுங்கை முடிகிற இடத்தில் அவர்தான் சொன்னார்:

"பிள்ளை, உன்ரை அப்பர் இன்னும் படலையிலை நிக்கிறார்."