அப்பாவின் இடது பக்கம்

செவ்வாய்க்கிழமை, திண்டிவனம்.

அப்பாவை இன்று விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் இருப்பது எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. கண்ணில் குறை இல்லையாம். மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கான இடம் கெட்டுவிட்டதாம். போன பார்வை திரும்புவது கஷ்டம் என்றார்.

வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் நான் செய்யும் வேலையும் அந்த இடத்தைப் பற்றியதுதான். குரங்கு மூளையின் அதே பகுதியை மெல்லிய சீவல்களாக்கி எடுத்த படங்களில், எந்த நரம்பு எதோடு சேர்கிறது என்று பார்த்து வரைகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அப்பா கேட்டார். "நீ அந்த எடத்தத்தானம்மா தெனம் பாத்துக்கினு இருக்க? எனக்கு எங்க அறுந்திருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"நாங்க இன்னும் படம்தாம்பா வரஞ்சிக்கினு இருக்கோம். கடுகளவுகூட முடியல."

"முடிஞ்சா சரி பண்ணிடுவாங்களா?"

"தெரியலப்பா."

அப்புறம் அவர் தூங்கிப்போனார். திடீரென்று விழித்து, "ஸ்டெல்லா, எறங்கிட்டியாம்மா?" என்று முன் சீட்டுக் கம்பியைத் தடவினார். நான் அவருக்கு இடது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவரை ஜன்னலோரம் நகர்த்திவிட்டு வலது பக்கம் வந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இதையெல்லாம் சொல்ல வேறு யாரும் இல்லை.

இன்று கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தப் படங்களில் அப்பாவைத்தான் தேடுவேன்.