குறுக்குக் காற்றும் என் இடது விலாவும்

ஆகஸ்ட் 3, சனி
மேல்மாடி ஒக்ன்யென் படியிறங்கி வந்தான். "ராடிவோய் மாமா, எங்க பொண்ணுக்கு நீங்கதான் ஞானத்தந்தை. அடுத்த ஞாயிறு, பதினொண்ணாந்தேதி ஞானஸ்நானம்."

இதற்கு முடியாது என்று சொன்னவன் எங்கள் ஊர் ஸ்ரெஞானினில் குடியிருக்க முடியாது. அறுபத்திரண்டு வயதில் முதல் அழைப்பு! பெயர் வைப்பதும் நானே. நாற்பது வருடம் அடுத்தவர் எழுத்தைத் திருத்தியவன், முதன்முதலாகச் சொந்தமாக ஒரு சொல்லை உலகத்துக்குத் தரப்போகிறேன்.

ஆகஸ்ட் 5
இடது விலாவுக்குக் கீழே எரிகிற வலி. என் அக்கா ல்யூபிங்கா விசாரணையின்றித் தீர்ப்பளித்தாள்: "பஸ்ல ரெண்டு பக்கமும் ஜன்னலைத் திறந்துவச்சு உக்காந்திருப்பே. குறுக்குக் காத்து கிட்னியில அடிச்சிருச்சு." ராக்கியா சாராயத்தைத் தேய்த்து, கம்பளிப் பட்டையை இறுக்கிக் கட்டினாள். வெளியே முப்பத்தெட்டு டிகிரி.

ஆகஸ்ட் 6
ஸ்கேன், சிறுநீர்ச் சோதனை. பட்டைக்குக் கீழே லேசாகச் சிவந்திருக்கிறது. ராக்கியாவின் வேலை என்றாள் அக்கா.
இதுவரை பதினேழு பெயர்கள்!

ஆகஸ்ட் 8, வியாழன்
"கிட்னி சுத்தமா இருக்கு," என்றார் டாக்டர் மிர்யானா.

"அந்த மெஷினுக்குக் காத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் அக்கா.

"அம்மா, அந்த இடத்துல வலிச்சா கிட்னியாத்தான் இருக்கணும்னு இல்ல. தசை, விலா எலும்பு, முதுகு நரம்பு, நுரையீரல் உறைன்னு எத்தனையோ இருக்கு. முதல்ல அந்தப் பட்டையைக் கழட்டுங்க."

கழற்றினேன். முதுகெலும்பிலிருந்து வயிறுவரை வரிசையாகக் கொப்புளங்கள்.

"அக்கி. சின்ன வயசுல வந்த சின்னம்மைதான், நரம்புக்குள்ள பதுங்கி இருந்திருக்கு. மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிங்க."

"ஞாயித்துக்கிழமை ஒரு குழந்தையைத் தூக்கணும் டாக்டர்."

"எத்தனை வயசு?"

"அஞ்சு வாரம்."

பேனாவைக் கீழே வைத்தார். "கொப்புளமெல்லாம் காய்ஞ்சு பொருக்குத் தட்டுறவரைக்கும் கிட்டவே போகாதீங்க. அந்தத் தண்ணி பட்டா அதுக்குச் சின்னம்மை வந்துரும்."

நாலு நாள் ராக்கியா தேய்த்து, கம்பளி சுற்றி, மூடி வைத்திருக்கிறோம்! இப்போது, எங்கள் ஊரில் யாரும் சொல்லாத அந்த 'முடியாது'வை நான் சொல்ல வேண்டும். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களோ? பார்க்கத்தானே செய்வார்கள்?

ஆகஸ்ட் 9
பாதிப் படியிலேயே நின்று சொன்னேன். ஒக்ன்யெனின் மனைவி தியானா சிரித்தாள்: "மாமா, பொண்ணு எங்கேயும் ஓடிப்போகல. பாதிரியாரை நான் பாத்துக்கறேன். நீங்க முதல்ல ஆறி வாங்க."

புதுத் தேதி செப்டம்பர் ஒன்று! இறங்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாண்டினேன். விலா கண்டித்தது.

ஆகஸ்ட் 20
பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது. டாக்டர் அனுமதி தந்தார். பெயர்கள்: நாற்பத்தொன்று.

செப்டம்பர் 1, ஞாயிறு
தேவாலயத்தில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன, அடுப்புக்குள் நின்றதுபோல. அக்கியும் குறுக்குக் காற்றால்தான் வருகிறது என்று பாதிரியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. படித்தவன் அல்லவா.

பெயரைக் கேட்டார்கள். "நேவெனா," என்றேன். நனைந்த குழந்தை என் இடது விலாவில் ஓங்கி உதைத்தாள். வலியே இல்லை.

அப்போது யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். எதிரே கதவும் திறந்திருந்தது.

"அறிவிருக்கா? சாத்துங்கய்யா! குறுக்குக் காத்து, குழந்தை ஈரமா இருக்கு!"

கத்தியது அக்கா இல்லை.