புட்டோடு போன சேதி

அன்புள்ள அக்கா,

இன்று வீட்டில் உளுத்தம் புட்டு. பேத்தி பெரியவளாகியிருக்கிறாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் உங்கள் நினைவுதான். எனக்கு முன்பே அந்த மயிலாப்பூர் வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவர் நீங்கள்.

டிராம் ஓடிய முப்பதுகளில் என் மகள் வயசுக்கு வந்தாள். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். என்னை ஐந்தாவதோடு நிறுத்தியிருந்தார்கள். மூலையில் உட்கார்ந்தபடி, “இனிமே அவ்ளோதானாம்மா?” என்று கேட்டாள்.

“பொஸ்தகத்தைப் பரண்ல போடு. ஊரு இன்னா சொல்லும்?” என்றார் மாமியார்.

புட்டு பிசைந்த கையை நிறுத்தாமல் கேட்டீர்கள்: “ஊருன்னா யாரு அத்தே? புட்டுக்குத் தட்டு நீட்டுற நாமதான். சேதியக் கொண்டு போறதும் நாம, ‘இன்னுமா அனுப்புறே’ன்னு கேக்குறதும் நாம. எனக்குக் கதவச் சாத்துனது எங்கம்மா. இந்தச் சின்ன மருமவளுக்கு இவ அம்மா.”

“அப்போ ஆம்பளைங்க மேல தப்பே இல்லியாக்கா?” என்றேன் நான்.

“நெறைய கீதுடி. அவங்க கையில இருக்குறத அப்புறமா கேப்போம். நம்ம கையில இருக்குற தாப்பாள மொதல்ல எடு.”

தட்டுகளை அடுக்கிக்கொண்டு என்னையும் இழுத்துப் போனீர்கள். வாசலுக்கு வாசல் ஒரே மூச்சில் சொன்னீர்கள்: “எங்க பொண்ணு பெரியவளாயிட்டா. தலைக்கு ஊத்துனதும் பள்ளிக்கூடம் போறா.”

எதிர்வீட்டம்மா நக்கலாகக் கேட்டாள்: “பள்ளிக்கூடத்துக்கும் சீர் உண்டோ?”

“டீச்சரம்மாவுக்குத் தனியா ஒரு உருண்டை எடுத்து வெச்சிருக்கேன். உன் பொண்ணையும் அனுப்பு, கிள்ளித் தரச் சொல்றேன்.”

தண்ணீர் ஊற்றிய மறுநாள், தாவணி கட்டிய பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் படியிறங்கினீர்கள். மாமியார் வாசலுக்கு வந்தார். “கொடை எடுத்துக்கினு போங்க, வெயிலு” என்றார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் எதிர்வீட்டுப் பெண்ணும் அந்தக் குடைக்குள் நடந்தாள். என் மகள் இன்று தலைமையாசிரியை, அக்கா. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று தட்டை நானே எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். உங்கள் வார்த்தையை அப்படியே சொன்னேன்: “பேத்தி பெரியவளாயிட்டா. தலைக்கு ஊத்துனதும் பள்ளிக்கூடம் போறா.”

அந்த வீட்டு மருமகள் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்: “போகாம பின்னே, இன்னா பண்ணுவா ஆயா?”

தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாதென்று கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். நான் பத்திரமாக வாங்கி வந்தது அந்தச் சிரிப்பைத்தான். அது உங்களுக்கு வரவேண்டியது, அக்கா.