உங்கள் பெயரை நான் கொடுக்கவில்லை, அக்கா

அக்கா,

இன்று வேலை முடிந்து வந்து எங்கள் தொடர்மாடியின் படியில் ஏறும்போது, இரண்டாம் மாடியில் யாரோ கொத்தமல்லி அவித்துக்கொண்டிருந்தார்கள். வறுத்த கொத்தமல்லியும் இஞ்சியும் சேர்ந்த வாசம். அந்த வீட்டில் யாருக்கோ காய்ச்சலாக இருக்கும். எனக்கு உங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. கைப்பையைத் தோளில் மாட்டியபடி அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏற்கனவே களைத்துப்போய்த்தான் வந்திருந்தேன். கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி மத்தியானம் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மிஸ், நீங்கள் மோர்மனாம். உங்கட ஆக்கள் நாலைஞ்சு பேரைக் கட்டலாமாம், உண்மையோ?" என்று கேட்டாள். கெட்ட பிள்ளையில்லை. கைபேசியில் ஏதோ காணொளி பார்த்திருக்கிறாள். வழக்கமான பதிலைச் சொன்னேன். எங்கள் சபையின் ஆரம்ப காலத்தில் அப்படி நடந்தது உண்மை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை, அதை நினைத்து நானும் சங்கடப்பட்டிருக்கிறேன். ஆனால் அதை நிறுத்தி நூறு வருடத்துக்கு மேலாகிறது. இன்று யாராவது அப்படிச் செய்தால் சபையை விட்டே விலக்கிவிடுவார்கள். இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது சோறு விறைத்துப்போயிருந்தது.

இதே கேள்வியை முதலில் கேட்டவர் அத்தான். நான் பதில் சொல்லத் தடுமாறிக்கொண்டிருந்தபோது நீங்கள் குசினிக்குள் இருந்தே குரல் கொடுத்தீர்கள்: "இவளுக்கு ஒரு புருஷனைத் தேடிக் குடுக்கவே எங்களுக்கு ஏலாமல் போச்சு. நீங்கள் நாலைஞ்சைப் பற்றிக் கதைக்கிறீங்கள்." அத்தான்தான் அதிகமாகச் சிரித்தார். கல்யாணமாகாமல் நின்ற எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாக விளக்கம் சொல்லியிருக்கிறேன். அந்த ஒற்றை வசனம் செய்த வேலையை என் விளக்கம் எதுவும் செய்ததில்லை.

நான் இந்தச் சபைக்கு வந்தது அம்மா செத்த வருடம். என்னோடு வேலைசெய்த சிங்களப் பெண் ஒருத்தி, நான் அலுவலகத்தில் அழுவதைக் கண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் சபைக் கூடத்துக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கே ஒருவர், குடும்பம் என்பது சாவோடு முடிந்துவிடுவதில்லை, தாய் தாயாகவும் பிள்ளை பிள்ளையாகவும் அந்தப் பக்கத்திலும் இருப்பார்கள் என்று சொன்னார். என்னைப் பிடித்து இருத்தியது அதுதான். நீங்கள் நெடுகிலும் சந்தேகப்பட்டதுபோல் யாரும் எனக்குப் பணம் தரவில்லை. மாறாக, சம்பளத்தில் பத்திலொன்றை நான்தான் கொடுத்துவருகிறேன்.

கத்தோலிக்கக் கோயிலை விட்டுச் சபை மாறியதைச் சொல்ல உங்கள் வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் அழவுமில்லை, ஏசவுமில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். கத்தியை வைத்துவிட்டு, "இயேசுவை விட்டிட்டியோ?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"இல்லை அக்கா. எல்லாச் செபத்தையும் அவற்ற பேரிலைதான் முடிக்கிறம்."

"அப்ப ஏன் உங்கட கோயிலிலை சிலுவை இல்லை?"

அவர் உயிர்த்தெழுந்ததையே நாங்கள் முன்னால் வைக்கிறோம் என்றேன். "நாங்கள் மட்டும் அதை மறந்திட்டமோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் கத்தியை எடுத்தீர்கள்.

மற்றக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருந்தது. பைபிளைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்கிறார்கள். எறியவில்லை, அதோடு இன்னொரு புத்தகத்தையும் வேதமாகப் படிக்கிறோம். கிறிஸ்தவர்களே இல்லை என்கிறார்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரையும் நம்புகிறோம். மூவரும் தனித்தனியானவர்கள், நோக்கத்தில் ஒன்றானவர்கள் என்பது எங்கள் நம்பிக்கை, அது உங்கள் கோயில் சொல்வதற்கு வேறானது. வேறு என்பதை நான் ஒளிக்கவில்லை. உங்கள் கோயில் எங்கள் ஞானஸ்நானத்தை ஏற்காது. எங்கள் சபை உங்களுடையதை ஏற்காது. அப்படியிருந்தும் நாம் இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சீப்பால் தலை இழுத்துவிட்டுக்கொண்டு இதையெல்லாம் கதைத்தோம்.

என்னை அதிகம் களைக்கவைத்தது தேத்தண்ணிதான். எங்கள் சபையில் மதுவும் புகையும் மட்டுமல்ல, தேயிலையும் ஆகாது. இந்த நாட்டில் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மதுவும் புகையும் வேண்டாம் என்றால் நல்ல பிள்ளை என்பார்கள். தேத்தண்ணி வேண்டாம் என்றால் முகம் மாறும். கொலன்னாவையில் அத்தானின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன அன்று வீட்டுக்கார அம்மா தேத்தண்ணித் தட்டை நீட்டினார், நான் வேண்டாம் என்றேன். தட்டு அப்படியே நின்றது. பிறகு அவர் என்னைப் பார்க்காமல் உங்களைப் பார்த்து, "எங்கட வீட்டிலை வாய் நனைக்க மாட்டாவோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று நம் இருவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எந்தச் சாதிக்காரர் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பதில்லை என்ற பழைய காயம் அது. என் சமயத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு அதை எப்படி விளக்குவது? நீங்கள்தான் எழும்பிப் போய், அவருடைய குசினியிலேயே கொத்தமல்லி தேடி எடுத்து அவித்து, ஒரு கோப்பையை என் கையிலும் இன்னொன்றை அவர் கையிலும் கொடுத்தீர்கள். "இவவுக்குத் தேயிலை ஆகாது. இதெண்டால் எவ்வளவும் குடிப்பா," என்றீர்கள். நான் இரண்டு கோப்பை குடித்தேன். அந்த அம்மாவின் முகம் மெல்ல இளகியது. அன்றிலிருந்து உங்கள் வீட்டில் எனக்கென்று கொத்தமல்லி வறுத்து வைத்திருந்தீர்கள். அத்தான் மட்டும் என்னைக் கண்டதும், "மோர்மன்காரி வாறா, தேத்தண்ணிக் கேத்திலை ஒளியுங்கோ," என்பதை நிறுத்தவேயில்லை.

பித்தப்பை ஒப்பரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் வெள்ளவத்தையில் என்னோடு வந்து நின்றீர்கள். உடுப்பு மாற்றிவிடும்போது உள்ளே நான் போட்டிருந்ததைக் கண்டீர்கள். ஆலயத்தில் கொடுத்த வாக்கை நினைவில் வைத்திருக்க நாங்கள் போடும் சாதாரண வெள்ளை உள்ளுடுப்பு. அதைப் பற்றித்தான் வெளியில் எத்தனை பகிடி. மந்திரச் சட்டை என்கிறார்கள். நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்களோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்களோ அதைத் தோய்த்து, எதிர்மாடிக்காரர் பார்க்காதபடி அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப் போட்டீர்கள். பின்னேரம் உங்கள் கழுத்தில் நூலில் கிடந்த மாதாவின் உத்தரியத் துணியைத் தூக்கிக் காட்டி, "என்ரது சின்னன், உன்ரது பெரிசு. அவ்வளவுதான்," என்றீர்கள்.

அதற்குப் பிறகு நோய் உங்கள் பக்கம் வந்தது. ஈரலில் தொடங்கி எங்கெல்லாமோ பரவிவிட்டது என்றார்கள். வேலை முடிந்ததும் நான் பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிடுவேன். ஒரு பின்னேரம், உங்கள் கோயில் செபக் கூட்டத்து அம்மா ஒருவர் வந்துவிட்டுப் போன பிறகு, அத்தானைக் கடைக்கு அனுப்பிவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் கையைப் பிடித்தீர்கள்.

"நான் செத்த பிறகு என்ர பேரிலை ஆரையோ தண்ணியிலை முக்கி என்னையும் உங்கட ஆளாக்கிப் போடுவீங்களாம். உண்மையோ?"

எத்தனையோ முறை பிறருக்குச் சொன்ன பதில்தான். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறாக இருந்தது. இறந்தவருக்காக உயிரோடிருக்கும் ஒருவர் ஞானஸ்நானம் எடுப்பது உண்மை என்றேன். அதனால் இறந்தவர் எங்கள் ஆளாகிவிடுவதில்லை. அவர் ஏற்றுக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அண்மையில் இறந்தவர் என்றால் நெருங்கிய உறவின் சம்மதமும் வேண்டும். நீங்கள் ஒவ்வொரு கார்த்திகையிலும் செத்துப்போய் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பதுபோலத்தான் இதுவும் என்றேன்.

"அது மன்றாட்டு. இது ஆளை மாத்திறது."

"மாத்திறேல்லை அக்கா. கதவைத் திறந்து விடுறது."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். "அம்மாவின்ர பேரைக் குடுத்தனியோ?" என்று கேட்டீர்கள். உங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பேன் என்றேன்.

"அம்மாவைப் பற்றி நான் ஒண்டும் சொல்ல மாட்டன். அவ உனக்கும் அம்மாதான். என்ர பேரைக் குடுக்காதே. எனக்கெண்டு ஒரு கதவு இருக்கு. நான் அதால போறன்."

சரி என்றேன். என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நித்திரையானீர்கள். எனக்கு வலித்தது, அக்கா. அம்மாவுக்காகத் தேடிப் போன நம்பிக்கை, உங்களையும் நான் பிரியாமல் இருப்பதற்கென்று வைத்திருந்த ஒரே வழி, உங்களுக்கு வேண்டாததாக இருந்தது.

உங்கள் செத்த வீட்டில் அந்தச் செபக் கூட்டத்து அம்மா பெட்டியருகே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனியாவது அவவை விட்டிடும் பிள்ளை," என்று மெதுவாகச் சொன்னார். நான் ஏற்கனவே விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கூடத்திலிருந்து வந்து சேலை மாற்றுவதற்குள் அத்தான் கதவைத் தட்டினார். தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். சேட்டின் பொத்தான்கள் மாறிக் கிடந்தன. தேசிக்காய் பிழிந்து தண்ணீர் கொடுத்தேன். கேத்தில் பகிடி ஒன்றும் விடாமல் குடித்தார். கடல் பக்கத் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று போய் முடிந்ததும் கேட்டார்.

"பிள்ளை, உங்கட சபையிலை புருஷன் பெண்சாதி செத்த பிறகும் புருஷன் பெண்சாதிதானாம். அப்பிடியோ?"

ஓம் என்றேன். அப்படித்தான் நம்புகிறோம்.

"நான் கலியாணத்திலை மரணம் பிரிக்கும்வரைக்கும் எண்டுதான் சொன்னனான். அப்ப அது பெரிசாத் தெரியேல்லை." சேட்டை இழுத்து முகத்தைத் துடைத்தார். "நான் உங்களோட வாறன். அவவின்ர பேரையும் குடு. சம்மதம் வேணுமெண்டால் நான் தாறன்."

யோசித்துப் பாருங்கள், அக்கா. இத்தனை வருடமாக எங்களைப் பார்த்துச் சிரித்தவர், என் வீட்டுக் கதிரையில் இருந்து தானாகக் கேட்கிறார். சபை விதிப்படி அவர் சம்மதமே போதும். உங்களோடு நான் கதைத்ததோ யாருக்கும் தெரியாது. எனக்கும் ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

சொல்லிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

"என்னட்டை அவ சொல்லேல்லையே," என்றார்.

"உங்களுக்கு நோகும் எண்டு விட்டிருப்பா."

"அங்கை போய் மனம் மாறியிருந்தால்?"

அதையும் நான் யோசித்துப் பார்த்திருந்தேன். இறந்த பிறகும் ஒருவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது என்று நம்புகிறவள் நான். அப்படியானால், உயிரோடு இருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல தமிழில் வேண்டாம் என்று சொன்னவரின் வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அத்தானுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "நீங்கள் அவவைத் திரும்பக் காணுவீங்கள் எண்டு நான் நம்புறன்," என்றேன். எப்படி என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, உங்கள் கோயில் ஃபாதரிடம் இன்னொன்று இருக்கும், அவரையும் போய்க் கேளுங்கள் என்றேன். அவர் என் முன்னால் அழுதது அன்றுதான் முதல் தடவை. பிறகு பொத்தான்களைச் சரியாகப் போட்டுவிட்டேன். காலி வீதிவரை கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போது அவர் ஒவ்வொரு மாதமும் உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார். என்னையும் கூப்பிடுவார், நானும் போய்க் கடைசி வாங்கில் இருப்பேன். நற்கருணை வாங்க எழும்ப மாட்டேன். அம்மாவின் பெயரை நான் இன்னும் கொடுக்கவில்லை. அதற்கான ஆலயத்துக்குக் கடல் கடந்து போக வேண்டும், முன்பு ஒரு தடவை போன தெம்பு இப்போது இல்லை. என்றாவது போவேன்.

இறந்தவர்களை நாங்கள் பலவந்தமாக எங்கள் பக்கம் இழுக்கிறோம் என்று இனியும் சொல்வார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் படித்ததைச் சொல்லுவேன், பாதியில் களைத்து நிறுத்தியும் விடுவேன். இதற்கு மட்டும் நான் எதையும் படிக்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு அக்கா இருந்தவ, வேண்டாம் எண்டவ, நான் குடுக்கேல்லை என்பேன்.

அந்த ஆலயத்துக்குத் திரும்பப் போகும் நாளில் எல்லோருடைய பெயரையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போவேன். உங்கள் பெயரை மட்டும் வாசலில் நின்று சொல்லிவிட்டு, அங்கேயே விட்டுவிட்டுப் போவேன்.

உங்கள் தங்கச்சி