சூலம் பிடித்த பென்னிக் காசு

ஐப்பசி, வெள்ளிக்கிழமை

மூத்த பேரன் கொட்டகலையில் வாத்தியார் ஆகிட்டான். சின்னவன் ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கிட்டான். அவங்க தங்கச்சி மாலதி கண்டி யுனிவர்சிட்டி கெம்பஸில் படிக்கிறா, பழைய வெள்ளைக்காரன் காசு சேர்க்கிறா. அங்கே நடக்கப்போற காசுக் கண்காட்சியில் வைக்க நல்ல பென்னி ஒன்றுகூட இல்லையேன்னு இன்றைக்கு வந்தா.

சாமித் தட்டில் இருந்ததைப் பெருமையாகக் கொடுத்தேன். சூலத்தோடு பொம்பளை உட்கார்ந்திருக்கிற காசு. அம்மன் என்று நினைத்து வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டுத் தேய்த்துக் கும்பிட்டேன்.

"ஐயோ அம்மாயி, இது அம்மன் இல்ல. வெள்ளைக்காரங்க அவங்க நாட்டையே பொம்பளையா போட்ட படம். புளி போட்டா பழைய காசுக்கு மதிப்பே போயிரும்!"

அழுகையே வந்திருச்சு. அப்புறம்தான் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. இதே மாதிரி இன்னொன்று. கறுத்துப் போச்சேன்னு வெட்கப்பட்டுத் துணியில் சுற்றி அடியில் போட்டிருந்தேன். தயங்கித்தான் நீட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவள் கத்தினா.

"அம்மாயி, மறுபக்கத்தில ராணி தலைமுடியை எண்ணலாம் போல இருக்கு! இதுதான் முதல் தரம்!"

ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்கணுமாம். விரல் ஈரமும் ஆகாதாம். துணியில் சுற்றிக் கண்காட்சிக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

தேய்த்த காசு தட்டிலேயே இருக்கட்டும், இத்தனை வருசம் கும்பிட்டதை எப்படி இறக்குறது? மாலதி, கண்காட்சியில் அந்தக் கறுப்புக் காசு பக்கத்தில் நின்னு புதுப் படம் ஒன்னு பிடிச்சுத் தபாலில் அனுப்புடி. போனில் வேணாம், எனக்குச் சுவரில் மாட்டணும்.