செவ்வாயில் என் தம்பி

பிப்ரவரி 12

எட்டு விஆர் கண்ணாடிகளில் ஆறுதான் உயிரோடு இருக்கின்றன. இரண்டில் உப்புக்காற்று புகுந்து உள்ளே பச்சை பிடித்துவிட்டது. ஆக்லாந்திலிருந்து அனுப்பிய புண்ணியவான்கள் டோங்காவின் காற்றை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காலையில் பெண்கள், சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள். உடன்பிறந்த ஆணும் பெண்ணும் ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பது எங்களுக்கு ஆகாது. மாமா, அத்தை, சித்தப்பா பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களே. இந்த ஊரில் யார் யாருக்கு அண்ணன் தங்கை இல்லை? அதனால் கண்ணாடியில் கிரகம் காட்டும் எல்லாப் பாடமும் இரண்டு தடவை.

"ஒரே கிரகத்துக்கு ரெண்டு டிரிப் அடிக்கிறீங்க டீச்சர். டிக்கெட் போட்டா பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாத்திடலாம்" என்றார் தலைமையாசிரியர் பெனிசிமானி. தொண்டை போய்விட்ட கடுப்பில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 14

கண்ணாடி போட்ட பிள்ளை சுவரில் முட்டாமலிருக்க, இன்னொரு பிள்ளை பின்னால் நின்று சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் நங்கூரம். என் தம்பி செமிசியின் மகள் ஹெய்லாலா இன்றும் நங்கூரமாகவே நின்றாள்.

"உன் முறைடி" என்றேன்.

"அப்பா வேணாம்னுட்டார் அத்தை."

வியாழனைச் சுற்றும் அயோ என்ற நிலாவில் எரிமலை வெடிப்பதை மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் முன்னால் நிற்பவளின் சட்டையைப் பிடித்தபடி காதோடு கேட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் சாயுது? புகை திரும்பக் கீழ வருதா? கடைசியில் என்னிடம் வந்து, "அங்க ஓடுறதுக்கு யாரும் இல்லல்ல அத்தை?" என்றாள்.

இல்லை என்றேன். 

பிப்ரவரி 15

காதால் கேட்டதை வைத்தே அயோவை வரைந்து கொண்டுவந்திருக்கிறாள். பார்த்தவர்கள் வரைந்ததைவிடச் சரியாக இருக்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

தேவாலயம் முடிந்து சாப்பாடு. மண்ணடுப்பில் வேக வைத்த சேம்பிலைக் கறி, மரவள்ளி. செமிசி வழக்கம்போல வாசலுக்கு வெளியே பலாமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டு வருஷமாகியும் கறுப்புச் சட்டை, சாவு வீட்டார் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அந்தக் கிழிந்த துக்கப்பாய். ஊரில் எல்லாரும் அவிழ்த்துவிட்டார்கள். அவன் மனைவி லூபேயின் சொந்த அம்மாவே அவிழ்த்துவிட்டாள்.

கடலுக்குள் எரிமலை வெடித்த அன்று அலை வந்து லூபேயைக் கொண்டுபோனது. அன்று கரையில் என்ன நடந்ததென்று செமிசி இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்னிடம் எப்படித் திறப்பான்? நான் அக்கா. ஓரிடத்தில் தனியாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசும் உறவு இல்லை எங்களுடையது. மரியாதை என்று இதற்குப் பெயர். சவ அடக்கத்தன்றுகூட அவன் தோளை என்னால் தொட முடியவில்லை.

இன்றும் பேச்செல்லாம் ஹெய்லாலா வழியாகத்தான். நான் உள்ளேயிருந்து, "உங்கப்பாகிட்டச் சொல்லு. கண்ணாடி அனுப்பின ஆக்லாந்து பள்ளிக்கூடத்தில ஒரு இடம் தர்றாங்க. எரிமலை, கிரகம்னு படிக்கலாம். ஈஸ்டருக்குள்ள பதில் வேணும்" என்றேன். அவள் போய்ச் சொன்னாள். திரும்பி வந்து தரையைப் பார்த்தபடி, "வேணாமாம் அத்தை. வானத்தப் பாத்து யாரும் பொழைக்கலையாம்" என்றாள்.

அவன் சொன்னது எனக்கு நேராகவே கேட்டது. ஆனாலும் அவள் சொல்லும்வரை காத்திருந்தேன்.

மார்ச் 9

பெனிசிமானி பிடித்துக்கொண்டார். "நீங்க அவளுக்கு அப்பாவோட அக்கா. ஒரு வார்த்தை போதும். அவரால தட்ட முடியுமா?"

முடியாது. கல்யாணமோ சாவோ, தம்பியின் பிள்ளைகள் விஷயத்தில் அத்தை சொன்னால் சொன்னதுதான். பிள்ளையைக் கொடு என்றால்கூடக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்புறம் என்னடி தயக்கம் லெசியெலி என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 10

போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

என் தலை தெரிந்ததும் செமிசி பலகையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். அக்காவைவிட உயரத்தில் இருக்கக்கூடாதே. தலையைக் குனிந்துகொண்டான். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். நான் சொன்னால் சரி என்பான் என்பது எனக்கும் தெரியும். கடல் பெண்டாட்டியைக் கொண்டுபோனது, அக்கா மகளைக் கொண்டுபோனாள் என்று இருந்துவிடுவான்.

"மரவள்ளி இருந்தா ரெண்டு கொடுத்தனுப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 11

ஒரு மூட்டை வந்து இறங்கியிருக்கிறது. ரெண்டு கேட்டதுக்கு மூட்டை. எனக்கு அழுகைதான் வந்தது. இவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? கத்தவும் முடியல, கட்டிப்பிடிச்சு அழவும் முடியல—

மார்ச் 20

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மகள் எதைப் படிக்கப்போகிறாள் என்று அவன் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும், பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். பெனிசிமானி போய்க் கூப்பிட்டார். வந்தான். தேவாலயக் கூடத்தில் நடுவே பலகைச் சுவர் உண்டு. அந்தப் பக்கம் செமிசி, அவனுக்கு நங்கூரமாகப் பெனிசிமானி. இந்தப் பக்கம் நான். நடுவில் சுவர் இருக்கிறதா, கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். முறை தவறிவிடக்கூடாதே.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு வழிகாட்ட நானும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது வழக்கம். கை தானாகப் போட்டது. செவ்வாயைத் திறந்தேன். அங்கே ஒரு காலத்தில் இருந்த கடற்கரையைப் பற்றிய பாடம்.

எனக்கு நாலடி தள்ளி அவன் நின்றுகொண்டிருந்தான்.

முகமில்லாத சாம்பல் உருவம், தலைக்கு மேலே பெயர். என் தலைக்கு மேலேயும் என் பெயர் இருந்திருக்கும். சுற்றிலும் சிவப்பு மண். வேறு ஓர் உயிர் இல்லை. அந்தக் கிரகம் முழுவதிலும் நானும் என் தம்பியும் மட்டும், தனியாக!

கூடத்துக்குச் சுவர் பார்த்தவள் இதை யோசிக்கவே இல்லை. கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். தலையைச் சாய்த்துப் பார்த்தபோது அவனும் எனக்கு முதுகு காட்டித்தான் நின்றான். 

பிறகு குரல் காதுக்குள் வந்தது. ஹெய்லாலா வழியாக இல்லை. நேராக.

"இங்க கடல் இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு. ரொம்ப காலத்துக்கு முன்னால."

"எதுவரைக்கும் வந்துச்சு?"

"நீ நிக்கிறியே, அந்தக் கோடு வரைக்கும். கல்லப் பாத்தே சொல்லிடலாம். அதத்தான் அவ படிக்கப்போறா."

 அவன் மூச்சு காதுக்குள்ளேயே கேட்டது.

"லூபே கேட்டா அக்கா. வெடிச்ச சத்தம் கேட்டதும் கேட்டா. தண்ணி இதுவரைக்கும் வருமான்னு. நான் வலையப் பிரிச்சுக்கிட்டிருந்தேன். வராதுன்னேன்."

அவனே தொடர்ந்தான்.

"எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணும் தெரியாது. வராதுன்னு சொன்னேன். நான் சொன்னா அவ நம்புவா. கரையில கெடந்த மத்த வலைய எடுத்து வைக்கிறேன்னு கீழ போனா."

கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது. இன்றுதான் தெரிந்துகொண்டேன். அவன் உருவம் சட்டென்று மறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

மார்ச் 21

முறை தவறினோமா? சுவர் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. பார்த்துக்கொள்ளவில்லை, முதுகு காட்டித்தான் நின்றோம். பாதிரியாரிடம் கேட்கலாம். கேட்கப்போவதில்லை.

சுவரின் அந்தப் பக்கம் நின்ற பெனிசிமானிக்கு செமிசி சொன்னதெல்லாம் கேட்டிருக்கும். எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணும் மனிதர், இன்று ஆசிரியர் அறையில் என் கோப்பைக்குத் தேநீர் ஊற்றிவிட்டுப் பேசாமல் போனார்.

மார்ச் 22

இரண்டு வருஷம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறான். பலாமரத்தடியில். என் வாசலுக்கு எதிரே.

மார்ச் 24, ஞாயிறு

சாப்பாட்டு நேரம். பழையபடி அவன் வெளியே, நான் உள்ளே. பாதியில் ஹெய்லாலாவைக் கூப்பிட்டான். எனக்குக் கேட்கும்படியாகத்தான் பேசினான்.

"அத்தைகிட்டச் சொல்லு. போகட்டும். இவளாவது தெரிஞ்சு சொல்லட்டும்."

அவள் உள்ளே வந்து நின்றாள். 

"அப்பா என்ன சொன்னாரு?" என்றேன். அவள் வாயால் சொல்லும்வரை காத்திருந்தேன். முறை முறைதானே.

மார்ச் 26

ஹெய்லாலா முதல்முறையாகக் கண்ணாடி போட்டாள். பார்த்தது அயோ. நங்கூரமாக நானே நின்றேன்.

ஜூலை 8

விமான நிலையம். செமிசி துக்கப்பாயை அவிழ்த்துவிட்டுப் நல்ல நாளுக்குக் கட்டும் புதுப்பாய் கட்டி வந்திருந்தான்.  மகளின் கழுத்தில் மாலையைப் போட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து முகர்ந்துவிட்டு விலகி நின்றான். விமானம் கிளம்பியதும் எனக்குப் பத்தடி தள்ளி நடந்து வந்தான். முன்பெல்லாம் இருபதடியாக இருந்திருக்கும்.

அக்டோபர் 2

காலையில் நிலம் லேசாக ஆடியது. மேட்டுக்கு ஏறுங்கள் என்று சங்கும் ஊதவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எல்லாரும் வாசலுக்கு வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண் மெலீசே, பலாமரத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்த செமிசியிடம் ஓடி வந்தாள்.

"மாமா, தண்ணி இதுவரைக்கும் வருமா?"

நான் ஜன்னலருகே நின்றிருந்தேன். அவன் கையில் நூல் அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியாதுடா" என்றான். வலையைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். "வா, மொதல்ல மேட்டுக்குப் போயிடுவோம். போய்க்கிட்டே ஹெய்லாலா அக்காவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுக்கலாம்."

இரண்டடி வைத்தவன் நின்று, என் ஜன்னல் பக்கம் திரும்பாமலே குரல் கொடுத்தான். "நீங்களும் வாங்கக்கா."

அடுப்பை அணைத்துவிட்டு அவர்கள் பின்னால் போனேன்.