ஐம்பதில் ஒரு பங்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. அண்ணிக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்று பதினோராவது நாள். காலையில் வழக்கம்போலக் குளித்து, சட்டைப் பையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

மலையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக இவர் சர்வேயர். போன வருஷம் வெளிநாட்டிலிருந்து இன்னொரு சர்வேயரை அனுப்பினார்கள். எந்நேரமும் தொப்பியோடு இருப்பதால் ஆபீசில் அவருக்குத் தொப்பிக்காரர் என்றே பெயர். தங்கமான மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே பாறை, எங்கே மண் சரியும் என்று நடந்து நடந்து அவருக்குக் காட்டிக் கொடுத்தது இவர்தான். இருவருக்கும் ஒரே வேலை, ஒரே வெயில்.

நம் எழுத்து படிக்கத் தெரியாததால் தொப்பிக்காரர் தன் வரிப் படிவத்தை இவரிடம் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறார். சம்பளத் தொகையைப் பார்த்ததும் இவர், சைபர் ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று அக்கறையாகப் போய்ச் சொன்னாராம். இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் சிரித்தாராம். கணக்கு டீச்சருக்குக் கை சும்மா இருக்குமா? போட்டுப் பார்த்தேன். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை உங்கள் மாப்பிள்ளை சம்பாதிக்க நாலு வருஷம் இரண்டு மாதம் ஆகும். போடாமலே இருந்திருக்கலாம்.

நம் தெருவில் மூன்று வீடுகளைக் கம்பெனி வெளிநாட்டு ஆட்களுக்காகக் கேட்ட வாடகைக்கு எடுத்துவிட்டது. அதிலிருந்து நம் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வாடகையை இரட்டிப்பாகக் கொடு, இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி பண்ணு என்கிறார். என் பள்ளிக்கூடச் சம்பளம் மொத்தமும் போட்டாலும் அதற்குக் காணாது.

ஆபீசில் உள்ளூர்க்காரர்கள் இருபத்திரண்டு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். சமமாகக் கொடு என்று கேட்கவில்லை அண்ணா. ஐம்பதில் ஒரு பங்கு வாங்குகிறோம், அதை இரண்டாக்குங்கள் என்றுதான் கேட்டார்கள். முதலில் கையெழுத்துப் போட்டவன் யார் என்று தெரியக் கூடாதென்று எல்லோரும் வட்டமாகப் போட்டார்கள். மகா புத்திசாலிகள்! அந்த வட்டத்தை உங்கள் மாப்பிள்ளை காம்பஸ் வைத்துப் போட்டிருக்கிறார். கையால் போட்டால் கோணலாகிவிடுமாம். மேனேஜர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருக்கிறார்; நடுவில் ஊசிக்குத்து. இப்படி வட்டம் போடுகிற ஆள் அங்கே ஒருத்தர்தான். மற்ற இருபத்தொரு பேருக்கும் எச்சரிக்கையோடு போயிற்று.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கடிதம் கேட்கிறார்கள். தொகையை நான் தவறாகப் பார்த்தேன், தவறாகச் சொல்லி மற்றவர்களைத் தூண்டிவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுத வேண்டும். எழுதினால் வேலை, இல்லையென்றால் வெளியே. இவர் மாட்டேன் என்கிறார். பார்த்ததைப் பார்க்கலைன்னு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு நான் அளந்ததை எவன் நம்புவான் என்கிறார். கெஞ்சினேன், அழுதேன், கத்தினேன். அசையவில்லை.

மச்சான் நீங்கள் சொன்னால் கேட்பார். எழுதிக் கொடுக்கச் சொல்லி அவருக்கு ஒரு வரி போடுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் அங்கே வெளிநாட்டு ஆள்தானே? உங்கள் வேலையையே செய்கிற அந்த ஊர்க்காரருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்? இத்தனை வருஷத்தில் நீங்கள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதீர்கள்.

அன்புத் தங்கை

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமைதான் வந்தது. வீட்டையும் மனிதர்களையும் விட்டு வருகிறவர்களுக்குக் கூட்டித்தான் கொடுப்பார்கள், உலகம் முழுக்க நடைமுறை அதுதான் என்று இரண்டு பக்கம் விளக்கியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை. வாடகைக்குப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டது உங்கள் நல்ல மனசு. இப்போது வேண்டாம். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. வீட்டுக்காரரும் மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறார்.

வேலை எப்படிக் கிடைத்தது என்று உங்களிடமாவது சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். வியாழக்கிழமை அவர் கடைக்குப் போயிருந்தபோது உட்கார்ந்து எழுதி, அவர் கையெழுத்தையும் நானே போட்டு, ஆபீஸ் வாசலில் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம், மானம் பெரிதா, தலைக்கு மேல் கூரை பெரிதா என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் இவரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். எல்லோர் முன்னாலும் மேனேஜர் அதைப் படித்து, இது உங்க கையெழுத்துதானே என்று காட்டியிருக்கிறார். என் எழுத்து உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரியாதா? இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மானம் மிஞ்சியிருக்கும். நான் கள்ளக் கையெழுத்துக்காரி ஆகியிருப்பேன், என் வேலையும் போயிருக்கும். ஆமாம், என்னுதுதான் என்றாராம். இதை ஆபீஸ் கணக்குப்பிள்ளை வந்து சொன்னார். மனுவில் கையெழுத்துப் போட்ட மற்ற இருபத்தொரு பேரும் தலை நிமிரவில்லையாம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிழையில்லாம எழுதியிருக்க என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

போன வாரம் மேட்டுப் பக்கம் அளந்துவிட்டு, குழாயை இன்னும் ஒன்றரை அடி இறக்கிப் போடாவிட்டால் தண்ணீர் ஏறாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எண்ணைத் தப்பாப் பார்க்கிற ஆள்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே என்று மேனேஜர் அந்தத் தாளைத் திருப்பித் தந்துவிட்டாராம். இனி இவர் அளப்பதையெல்லாம் தொப்பிக்காரர் இன்னொரு தடவை அளந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். பாவம், அவர் இவரிடம் வந்து எந்த எண்ணை எழுதட்டும் என்று கேட்கிறார். இவர் சொல்வதில்லை. நேற்று அளவுப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, தான் எழுதிய பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷ எண்கள் அண்ணா. தன் எண்ணைத் தானே நம்பாமல் போய்விட்டாரோ என்று நான் பயந்துபோய்விட்டேன்.

எனக்கு இனி கடிதம் எழுத வேண்டாம். அவருக்கு எழுதுங்கள். அங்கே சம்பாதித்ததில் இங்கே ஆற்றோரம் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறீர்களே, அதை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். பத்திரத்தில் அளவு இருக்கிறது, எனக்கும் தெரியும். இருந்தாலும் கேளுங்கள். உங்களுக்கு அவசரம் என்றும், அவர் அளவு வந்தால்தான் வீட்டு வேலை தொடங்குவீர்கள் என்றும் எழுதுங்கள். அவர் அனுப்பும் எண் பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரையும் விட்டு இன்னொரு முறை அளக்க வேண்டாம். உங்கள் தங்கைக்காக இது ஒன்றைச் செய்யுங்கள்.

நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். நான் கேட்டும் நீங்கள் பதில் சொல்லாத, உங்கள் வேலையையே செய்கிற அந்த ஊர்க்காரரும், அவர் வீட்டுக்காரியும் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் தங்கை